வரப்பில் தின்ற பட்டாளத்துப் பிஸ்கோத்து

திருவாரூர் பக்கம்,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் ரெத்தினத்துக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் அக்கா அம்சமும் அவள் பிள்ளைகளும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அந்த மலையில் நீயும் உன்னோடு நிற்கிற பிள்ளைகளும் கை கால் சுகத்தோடு இருக்கவேண்டும் என்பதுதான் இங்கே விளக்கேற்றும்போதெல்லாம் எங்கள் வேண்டுதல். மார்கழிக் கடைசியில் நீ போட்ட கடிதமும் தை பிறந்து போட்ட கடிதமும் ஒன்றாகத்தான் கைக்கு வந்தன. தபால்காரர் நம் வீட்டுக் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு விசாரித்துக்கொண்டு வயலுக்கே வந்து, வரப்பில் நின்று கொடுத்துவிட்டுப் போனார். உடனே பதில் போடவில்லை என்று வருத்தப்படாதே. சண்டை முடிந்துவிட்டது, நீ நல்லபடியாக இருக்கிறாய் என்று தெரிந்ததே எங்களுக்குப் பாதி உயிர் வந்த மாதிரி. மீதிப் பாதி இங்கே வயலில் மாட்டிக்கொண்டிருந்தது, அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், கை ஓய்ந்துபோயிருக்கிறது. கை மட்டுமில்லை, ஆளே ஓய்ந்துபோயிருக்கிறேன்.

நீ ஆடியில் வந்து போனபோதே மிராசுதார் பஞ்சநதம் ஒருமாதிரியாகப் பேச ஆரம்பித்திருந்தார், உனக்கு நினைவிருக்கும். நில உச்சவரம்புச் சட்டம் வந்ததிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. நிலத்தைப் பிரித்துப் பிரித்து மகள் பேரிலும் மருமகன் பேரிலும் எழுதி வைத்துவிட்டு, நாம் குத்தகைக்கு உழுகிற ஒன்பது மா நிலமும் மருமகனுடைய சொந்தச் சாகுபடி, குத்தகைக்காரன் தங்கையனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டார். போன தேர்தல் வரைக்கும் கதர்த் துண்டு போட்டிருந்தவர் இப்போது கறுப்பு சிவப்புக் கரைத் துண்டு போட்டுக்கொண்டு மேடையில் உழவர் வாழ்க என்கிறார், கீழே இறங்கினால் உழுகிறவனை வெளியே போ என்கிறார். நானும் தாலுக்கா ஆபீசில் குத்தகைப் பதிவுக்கு மனுக் கொடுத்து நடையாய் நடக்கிறேன். வாய்தா, அதற்கு மேல் வாய்தா. சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது நம் பக்கம் எப்போது நடந்து வரும் என்றுதான் யாரும் சொல்வதில்லை. வக்கீல் ஒரே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். இந்த சம்பாவை யார் அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்களோ அவர்கள் அனுபவத்தில்தான் நிலம் இருப்பதாக விசாரணையில் எடுத்துக்கொள்வார்கள், அதனால் அறுப்பை விட்டுவிடாதே, விட்டால் நிலத்தை விட்ட மாதிரி என்றார். மிராசுதாருடைய வக்கீலும் அவருக்கு அதையேதான் சொல்லியிருப்பார் போலிருக்கிறது, வெளியூர் ஆளை லாரியில் இறக்கி அறுக்கப்போவதாக ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது.

அதனால் கதிர் தலை சாய்ந்ததும் நானும் உன் அம்மாவும் வீட்டைப் பூட்டிவிட்டு வயலோடு போய்விட்டோம். பூவரச மரத்தடியில் நாலு கீற்றை முடைந்து சாய்த்து, அதற்குள்தான் இருப்பு. ஒருவர் கண் அசந்தால் ஒருவர் விழித்திருப்பது என்று முறை வைத்துக்கொண்டோம், ஆனால் உன் அம்மா தன் முறையையும் என் முறையையும் சேர்த்தே விழித்திருந்தாள். சாப்பாட்டுக்கு அம்சம் வீட்டில் கஞ்சி வைத்து எடுத்து வருவதாக ஏற்பாடு. அவள் வீட்டுக்காரர் வெளியூரில் வேலையாக இருக்கிறார், பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவளும் எவ்வளவுதான் செய்வாள். இரண்டு நாள் வந்தாள். மூன்றாம் நாள் மதகடியில் மிராசுதாருடைய காரியக்காரர் சிங்காரவேலுவின் ஆட்கள் சைக்கிளைக் குறுக்கே போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஒருவன் தெரியாமல் இடிப்பதுபோல் இடித்திருக்கிறான், பானை வாய்க்காலில் விழுந்து உடைந்து போய்விட்டது. வெறுங்கையோடு வந்து நின்றவள் அழவில்லை. பானை ஒடஞ்சது கூட இல்லப்பா, சோறு தண்ணியில பிரிஞ்சு பிரிஞ்சு போவுது, நான் நின்னு பாத்துக்கிட்டிருந்தேன் என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அரிவாளோடு மதகுக்குப் போயிருப்பேன். அதற்குத்தானே அவர்கள் காத்திருக்கிறார்கள் என்று உன் அம்மா வேட்டியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அங்கேயே அடுப்பு மூட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. முற்றிக் காய்ந்த கதிர், வாடைக் காற்று, ஒரு பொறி பறந்தால் போச்சு. பயிரை அவனே கொளுத்திவிட்டான் என்று என் பேரிலேயே வழக்கு எழுதவும் ஆள் தயாராக இருந்தது. அப்போதுதான் உன் அம்மா அம்சத்திடம், தம்பி வெச்சுட்டுப் போன பொட்டிய சைக்கிள்ல வெச்சு வாய்க்கால் கரையோட சுத்திக் கொண்டா, அத யாராலயும் ஒடைக்க முடியாது என்றாள்.

நீ ஆடியில் கொண்டுவந்த அந்த மரப்பெட்டியைத்தான் சொல்கிறேன். தேதி முடியப்போகிறது, பட்டாளத்தில் கழித்துவிட்டார்கள், வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று நீ வைத்துவிட்டுப் போனாயே, அதில் பாதிக்கு மேல் அப்படியேதான் இருந்தது. நீ போன பிறகு கொஞ்ச நாள் அந்தக் கெட்டிப்பால் டப்பாவை வைத்து உன் அம்மா காப்பி போட்டாள், தெருவில் பாதிப் பேருக்கு அந்தக் காப்பி ருசி தெரியும். காய்ந்த உருளைக்கிழங்கு வில்லையைச் சாம்பாரில் போட்டாள், வெந்து ஊதி ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம் ஆயிற்று. ஆவணியில் பேராவூரணிக் கல்யாணத்துக்குப் போகும்போது கட்டுச்சோற்றுக்குப் பதிலாக அந்தச் சதுரப் பிஸ்கோத்தைத்தான் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். வழியில் பஸ் ரிப்பேராகித் தென்னந்தோப்புப் பக்கம் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள், அங்கே உட்கார்ந்து நாங்கள் அதைக் கடித்த சத்தத்தைக் கேட்டுப் பக்கத்தில் இருந்தவர்கள் என்ன கொட்டாங்கச்சியா திங்கிறீங்க என்று கேட்டார்கள். அன்றைக்கு அது சிரிப்பாக இருந்தது. எம்மவன் பட்டாளத்துல திங்கிற பிஸ்கோத்து என்று உன் அம்மா பெருமையாக ஆளுக்கொன்று கொடுத்தாள், கல்யாண வீட்டுக்கு வந்தும் அதே பேச்சுத்தான்.

வயலில் அது சிரிப்பாக இல்லை தம்பி. காலையில் பிஸ்கோத்து, மத்தியானம் பிஸ்கோத்து, பொழுது சாய்ந்தால் டப்பா மீன். பிஸ்கோத்தைக் கடிக்க என் பல்லுக்கு வலு ஏது, வாய்க்கால் தண்ணீரில் ஊறப்போட்டால் அது ஊறுவதற்குள் பசி அடங்கிவிடும். ஊறினாலும் வறட்டி நனைந்த மாதிரிதான். மீன் டப்பாவை அரிவாள் மூக்கால் குத்தித் திறந்தேன், எண்ணெயில் மிதக்கிற மீனைச் சோறு இல்லாமல் எப்படித் தின்பது என்று உன் அம்மா ஒரு நாள் முழுக்க அதைத் தொடவில்லை, மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். அந்த இனிப்புத் துண்டுகளை, நம் ஊர்க் கலகலா மாதிரி இருக்குமே, வாயில் அடக்கிக்கொண்டு வரப்பைச் சுற்றி வருவேன். காய்ந்த வெங்காயத்தைத் தெரியாத்தனமாக வெறுமனே மென்று தண்ணீர் குடித்துவிட்டு, வயிறு ஊதி, மரத்தில் சாய்ந்துகொண்டு ஒரு மத்தியானம் முழுக்கக் கிடந்தேன். நாலாம் நாளுக்குப் பிறகு வயிறு கல்லாகிவிட்டது, அதை விவரமாக எழுத வேண்டாம். முற்றிய நெல்லுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒரு கை சோறு இல்லாமல் டப்பாவைச் சுரண்டித் தின்கிறோமே என்று எனக்கு வாழ்க்கையே வெறுத்துப்போயிற்று. விவசாயச் சங்கத்து வைரக்கண்ணு அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போவான், அவன்கூட ஒரு பிஸ்கோத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு, அண்ணே இதத் தின்னு நிக்கிறதுக்கு உண்ணாவிரதமே இருக்கலாம் என்றான்.

ஒரு வாரத்துக்கு மேல் இப்படிப் போன பிறகு, வைரக்கண்ணுவும் நம் தெரு ஆண்கள் முக்கால்வாசிப் பேரும் திருவாரூருக்கு ஊர்வலத்துக்குப் போன ஒரு நாள் காலையில் லாரி வந்தது. பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். புதுக்கோட்டைச் சீமை ஆட்கள், பெண்கள்தான் அதிகம், ஆளுக்கொரு அரிவாளும் கோணியும். முன்னால் சிங்காரவேலு. போலீஸ்காரர் ஒருவர் ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, அடிதடி என்றால் மட்டும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டாராம். நான் வரப்பில் போய்க் குறுக்கே நின்றேன். நின்றேன் என்று எழுதுகிறேனே தவிர, பிஸ்கோத்துத் தின்ற உடம்பு, காற்றடித்தால் விழுந்திருப்பேன். சிங்காரவேலு என்னைப் பார்த்து, ஒதுங்கு தங்கையா, வயசான காலத்துல எதுக்கு என்று மெதுவாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தெம்பு வந்திருக்கும். அந்த மெதுவான பேச்சில்தான் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

உன் அம்மா கீற்றுக்குள் போய் எதையோ எடுத்துக்கொண்டு வந்து, நேரே வயலின் வடகிழக்கே ஈசானி மூலைக்கு நடந்தாள். நம் பக்கத்தில் அறுப்பு தொடங்கும்போது செய்கிற வழக்கம்தான், ஈசானி மூலையில் கற்பூரம் காட்டி, அது தானாக அணைந்து மலையேறிய பிறகு பயிர் வைத்தவர் முதல் பிடி அறுப்பது. கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போது யாரும் கதிரில் அரிவாள் வைப்பதில்லை. அவள் குனிந்து ஒரு சின்னத் தகரத்தை வைத்து, அதன்மேல் வெள்ளையாக ஒரு வில்லையை வைத்துக் கொளுத்தினாள். கொளுத்திவிட்டு நிமிர்ந்து அந்தப் பெண்களைப் பார்த்து, நாங்க நட்ட பயிரு தாயி, சாமி கும்பிட்டு நாங்களே மொதப் பிடி அறுத்துக்கிறோம், கற்பூரம் மலையேறட்டும், அப்பறம் ஒங்க இஷ்டம் என்றாள். அவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். இரண்டு பேர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சிங்காரவேலுவும் செருப்பைக் கழற்றினார், கழற்றாமல் இருக்க முடியுமா. ஒரு துளிக் கற்பூரம் எவ்வளவு நேரம் எரியும், அணைந்ததும் இறங்கிவிடலாம் என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

அது அணையவில்லை ரெத்தினம். நான் கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நீ ஆடியில் மாட்டுக்கொட்டகையில் வைத்து எனக்குச் செய்து காட்டினாயே, மடக்குத் தகரத்தை விரித்து, மேலே வெள்ளை வில்லையைக் கொளுத்தி, பனிமலையில் விறகு கிடைக்காது அப்பா, இதுதான் எங்கள் அடுப்பு என்று சொல்லி ஒரு குவளைத் தண்ணீரைக் கொதிக்க வைத்து டீ போட்டுக் கொடுத்தாயே, அதே வில்லை, அதே தகரம். நீ இருக்கும்போதே அது தீர்ந்துவிட்டது என்று நினைத்துத்தான் இத்தனை நாளும் நான் அதைத் தேடவே இல்லை. உன் அம்மா அப்போது மாமா வீட்டுக்குப் போயிருந்தாள், அவள் அதைப் பார்த்ததே இல்லை. பெட்டிக்குள் வெள்ளையாக, மெழுகுத்தாளில் சுற்றி இருந்ததைப் பார்த்துவிட்டு, மகன் வடக்கே ஏதோ கோயிலில் வாங்கி வந்த கற்பூரம் என்று அவளாகவே முடிவு செய்து, அறுப்புக்கு ஆகும் என்று பத்திரமாக முடிந்து வைத்திருக்கிறாள். நீலமாக, புகையில்லாமல், பொறி பறக்காமல், அந்த வாடைக் காற்றிலும் நின்று எரிகிறது. கொஞ்சம் மீன்வாடை வேறு. அத்தனை பேரும் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சொல்லலாமா என்று ஒரு கணம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சாமி காரியத்தில் பொய்யா என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் பொய் யார் சொன்னார்கள், அவள் கற்பூரம் என்று நம்பித்தானே ஏற்றினாள், கும்பிட்டவர்களும் நம்பித்தானே கும்பிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். முதல் வில்லை அடங்கப் போகிற நேரம் அவள் ஒன்றும் தெரியாதவள் போல் இன்னொன்றை மேலே வைத்தாள். அது மட்டும் ஒன்றும் தெரியாமல் செய்ததில்லை, பார்க்கும்போதே எனக்குத் தெரிந்தது.

சிங்காரவேலு பொறுமை இழந்து, ஊதி அணைச்சுட்டு எறங்குங்க என்றார். அவர்களில் தலைவி போல ஒரு அம்மாள், தங்கமணி என்று பேர், ஊதி அணைக்கவா என்று திரும்பிக் கேட்டாள், அவ்வளவுதான், அவர் அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எல்லோரும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்த பிறகுதான் அவர்கள் முகத்தைப் பார்க்கிறோம், முதல் நாள் மத்தியானம் லாரியில் ஏறியவர்களுக்கு அதுவரைக்கும் ஒரு வாய் எதுவும் கொடுக்கவில்லையாம். களத்தில் சோறு போடுவதாகச் சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறார்கள். அவர்கள் பக்கம் மழையே இல்லை, வந்தால்தான் பிழைப்பு. உன் அம்மா பெட்டியை இழுத்து வந்து, மிச்சமிருந்த பிஸ்கோத்தை எல்லாம் கொடுத்துவிட்டாள். எனக்கு உள்ளே கொஞ்சம் எரிச்சல்தான், நம் பயிரை அறுக்க வந்தவர்களுக்கு நம் கடைசிப் பிஸ்கோத்தா என்று. அவர்கள் அதைக் கடிக்க முடியாமல் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இது என்ன பலகாரம் என்று தங்கமணி கேட்டதற்கு, எம்மவன் பட்டாளத்துல இருக்கான், அவனுக்குக் குடுக்கிறது என்றாள் உன் அம்மா, பேராவூரணியில் சொன்ன அதே பெருமையோடு. தங்கமணி ஒரு ஓரத்தைக் கடித்து, மென்று, விழுங்க முடியாமல் விழுங்கிவிட்டு, ஏக்கா, ஒங்க மகன் இதத் தின்னுட்டுத்தான் மலையில நிக்கிதா என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, பரிதாபப்பட்டுத்தான் கேட்டாள். உன் அம்மா, அதுவரைக்கும் நிமிர்ந்து நின்றவள், சட்டென்று வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே எழுதுகிறேன். தங்கமணி எழுந்து போய்ச் சிங்காரவேலுவிடம், நட்டவுக நிக்கிறாக, சாமி எரிஞ்சுக்கிட்டு நிக்கிது, நாங்க என்னத்தய்யா அறுக்க, வேற வயலு இருந்தாக் காட்டுங்க என்றாள். அவர் மிராசுதாரைக் கூட்டி வருகிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை. அதற்குள், லாரியைக் கண்டதுமே அம்சம் தெருவில் ஓடிப்போய்ச் சொல்லி நம் தெருப் பெண்கள் அரிவாளோடு வந்துவிட்டார்கள். உன் அம்மாதான் முதல் பிடி அறுத்தாள். தங்கமணி ஆட்கள் போகவும் வழியில்லாமல், நிற்கவும் மனமில்லாமல் நின்றார்கள், நீங்களும் இறங்குங்க, கூலி நெல்லு எங்க ஆளுக்குக் குடுக்கிறதுதான் ஒங்களுக்கும் என்று உன் அம்மா கூப்பிட்டுவிட்டாள். மத்தியானத்துக்கு மேல் வந்து சேர்ந்த வைரக்கண்ணு, வெளியாள எறக்காதேன்னு நாங்க அங்க கோஷம் போடுறோம், நீங்க இங்க எறக்கிவிட்டிருக்கீங்களே என்று சத்தம் போட்டான். உன் அம்மா, பசியோட வந்தவங்கள விரட்ட எனக்குத் தெரியாது, ஒனக்குத் தெரிஞ்சா நீ விரட்டு என்று சொன்னதும் அவனும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கட்டுத் தூக்க வந்துவிட்டான். அன்றைக்கும் மறுநாளும் அறுத்து, அடித்து, நெல் வீடு வந்து சேர்ந்துவிட்டது. மிராசுதார் போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார், நான் வருகிற வாரம் ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். வக்கீல் பயப்படாதே, இனி விசாரணையில் நமக்குத்தான் பலம் என்கிறார். வைரக்கண்ணு ஜெயித்துவிட்டோம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். எனக்கு ஜெயித்தது மாதிரித் தெரியவில்லை, தூக்கம்தான் வருகிறது. மேட்டூர் திறந்தால் மறுபடி நாற்று விடவேண்டும், மறுபடி சிங்காரவேலு மதகில் நிற்பார். இத்தனை வயசுக்கு மேல் ஒவ்வொரு போகத்துக்கும் இப்படிக் காவல் கிடக்க என்னால் முடியுமா என்று நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

நெல்லைப் பரத்திக் காயவைத்து, கொஞ்சம் குத்தி, நேற்றுச் சாயங்காலம்தான் புது அரிசிச் சோறு ஆக்கினாள். கத்திரிக்காய்க் குழம்பு, அப்பளம் பொரித்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு சூடான சோறு, நான் பேசக்கூட நேரமில்லாமல் சாப்பிட்டேன். பார்த்தால் அவள் இலையில் போட்டது அப்படியே இருக்கிறது. என்ன என்று கேட்டேன். அவன் தெனமும் அதையாங்க திங்கிறான் என்றாள். தினமும் இருக்காது, எங்கேயாவது அடுப்பு மூட்ட முடியாத இடத்தில் மட்டும்தான் அது என்று நான் சொன்னேன். மலையில எந்த எடத்துல அடுப்பு மூட்ட முடியும் என்று கேட்டாள். அந்த டப்பாக்கள் நம் வீட்டில் இத்தனை மாதம் இருந்தன, காப்பியும் சாம்பாரும் போட்டுத் தின்றோம், ஊர் முழுக்கக் காட்டினோம். அதையே சாப்பாடாகத் தின்று ஒருவன் நிற்கிறான் என்பது எங்கள் புத்திக்கு எட்டவே இல்லை, வயலில் நாங்கள் அதைத் தின்று கிடந்தபோதுகூட எட்டவில்லை, அறுக்க வந்த ஒருத்தி கேட்டுத்தான் எட்டியது.

ராத்திரி உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். நீ சேர்ந்த நாளிலிருந்து ஒரு கடிதம் தவறாமல், சாப்பாடு வேளாவேளைக்கு நன்றாகக் கிடைக்கிறது, கவலைப்பட வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். சண்டை நடந்த மாதத்துக் கடிதத்திலும் அதேதான். நாங்களும் அதைப் படித்துவிட்டு, நம்மைவிட நன்றாகச் சாப்பிடுகிறான் என்று நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம். உன்மேல் எனக்குக் கோபமில்லை. நான் கூடத்தான் உனக்கு இந்த வயல் தகராறு எதையும் எழுதாமல், விளைச்சல் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தேன், அப்பனைப்போலப் பிள்ளை. ஆனால் தம்பி, கொஞ்ச நாள் தின்றதற்கே எனக்கு இரண்டு பல் ஆடிவிட்டது, ஈறு வீங்கி இன்னும் வடியவில்லை. நீ வருஷக்கணக்காக நிற்கிறாய். இந்த ஒன்பது மாவைப் பிடித்துக்கொண்டு நான் ஏன் தொங்குகிறேன் என்று நீ ஒரு தடவை கேட்டாய், விட்டுவிட்டு என் சம்பளத்தில் சும்மா இருங்கள் என்றாய். எனக்காகப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. நீ பட்டாளத்து உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வருகிற நாளில், வந்து உட்கார்ந்து சொந்த நெல்லில் சூடாக ஒரு வாய் சாப்பிட இடம் இருக்கவேண்டும், அதற்குத்தான். அந்த இடம் இன்னும் இருக்கிறது என்பதைத்தான் இத்தனை பக்கம் எழுதிச் சொல்லியிருக்கிறேன்.

குளிருக்குத் தலையை மூடிக்கொள், ஈர உடுப்போடு படுக்காதே. பிஸ்கோத்தைச் சுடுதண்ணீரில் நனைத்துத் தின்னு, வெறும் வயிற்றில் டீ மட்டும் குடிக்காதே, வெங்காயத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லீவு கேட்டால் கொடுப்பார்களா என்று பார், பங்குனித் தேருக்கு இல்லாவிட்டாலும் சித்திரையிலாவது வா. அந்த வில்லை சமாசாரம் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் பாதியை விட்டுவிட்டுப் படிக்கிறேன் என்று சொல்லி உன் அம்மா இப்போதெல்லாம் உன் கடிதத்தை அம்சத்திடம் கொடுத்துத்தான் படிக்கச் சொல்கிறாள், அதனால் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதிவிடாதே. மீதி வில்லைகளை அவள் சாமி மாடத்தில் வைத்திருக்கிறாள், இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று, இதை மறக்காதே. இனிமேல் சாப்பாடு நன்றாகக் கிடைக்கிறது என்று எழுதாதே. அன்றைக்கு என்ன தின்றாய், சூடாகத் தின்றாயா, ஆறிப்போய்த் தின்றாயா, அதை எழுது. பிஸ்கோத்து என்றால் பிஸ்கோத்து என்றே எழுது, ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று எழுது. உன் அம்மா அதைக் கேட்ட பிறகுதான் இலையில் கை வைப்பேன் என்கிறாள், நேற்றுப் போட்ட சோற்றை நாய்க்கு வைத்துவிட்டாள், இன்றைக்குக் காலையிலும் நீராகாரம்தான் குடித்திருக்கிறாள். கடிதம் கிடைத்த அன்றே பதில் போடு.

நோய் நொடி இல்லாமல், போன இடத்திலிருந்து முழுசாகத் திரும்பி வந்து எங்கள் கண்முன் நிற்க உனக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

உன் வரவை எண்ணியிருக்கும் அப்பா,
தங்கையன்